தோற்றம்: 1957

என் சாவுக்குத் துக்கம் கேட்க வந்த ஐம்பது பேருக்கும் நானே அடுப்பைப் பற்றவைத்து, நானே கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, நானே கடுங்காப்பி ஆற்றிக் கொடுத்தேன். தென்காசி மாவட்டத்தில் மட்டுமல்ல, ஆரியங்காவு கணவாயைத் தாண்டிக் கொல்லம் வரைக்கும் போய் விசாரியுங்கள். இப்படி ஒரு காரியம் செய்த இன்னொரு ஆளைக் காட்டிவிட்டால் என் மீசையை எடுத்துவிடுகிறேன். எனக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம்.

என் மகள் சத்யபிரியா இதை நம்பவில்லை. அவளிடம் எனக்கென்றே ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. அப்பா நூறு என்றால் பத்து, பத்து என்றால் ஒன்று, ஒன்று என்றால் ஒன்றுமே இல்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அம்மா போன பிறகு மேலகரம் வீட்டில் நான் ஒற்றை ஆள். அதனால் கோயம்புத்தூர்ப் பக்கம் வயசானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்றில் எனக்கு இடம் சொல்லி வைத்துவிட்டாள். அங்கே காலையில் யோகா, மாலையில் பஜனை, நடுவில் ரத்த அழுத்தம் பார்ப்பார்களாம்.

"நான் எதுக்குட்டி அங்கன போகணும்? இங்கன எனக்கு ஊரே இருக்கு."

"எந்த ஊருப்பா? போன மாசம் நம்ம வீட்டுக்கு யாரு வந்தா? பால்காரரையும் கேஸ் சிலிண்டர் போடுதவரையும் விட்டுட்டுச் சொல்லுங்க."

நான் உடனே பத்துப் பதினைந்து பேரை அடுக்கினேன். போனுக்கு அந்தப் பக்கம் அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வாய்ப்பாட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

"அப்பா, ஒரே ஒரு ஆளு. உங்களத் தேடி வீட்டுக்கு வந்தாங்கன்னு நான் நம்புத மாதிரி ஒரே ஒரு ஆளக் காட்டுங்க. அதுக்குப் பெறகு கோயம்புத்தூர்ங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன். இல்லைன்னா, ஆனி கடைசியில நான் வரும்போது பெட்டி கட்டிருவோம்."

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கு எடுக்கிற வேலையில் இருந்தவன் நான். மேலகரம், இலஞ்சி, காசிமேஜர்புரம், குற்றாலம் என்று நான் நுழையாத வீடு கிடையாது. பீரோவுக்குப் பின்னால், சாமி ரூமுக்குப் பக்கத்தில், மாட்டுத் தொழுவத்தில் என்று மீட்டரை எங்கே வைத்திருந்தாலும் என் கால் தானாகப் போய் நிற்கும். 'ரீடிங் சார்' என்றால் நாய்கூடக் குரைக்காது. சில நாய்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்ததுண்டு. ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து ஒரு வீட்டுக்கும் என்னைக் கதவு திறந்து உள்ளே விடவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. அவர்களும் என் வீட்டுக்கு வரவேண்டிய அவசியம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

பொழுது போகாமல் படம் வரைய ஆரம்பித்தேன். முகம்தான் வரையப் பிடித்தது. முகம் வரைய ஓர் ஆள் எதிரே அசையாமல் உட்கார வேண்டும். யார் உட்காருவார்கள்? முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்து என்னையே வரைந்தேன். சிரிக்கிற நான், முறைக்கிற நான், தலைவலி மாத்திரை போட்ட நான். வீடு முழுக்க நானாக நிறைந்துவிட்டேன். சாயங்காலம் விளக்குப் போட்டால் ஒரு கல்யாணக் கூட்டமே இருக்கும். பேச்சுச் சத்தம் மட்டும் இருக்காது.

இந்த நேரத்தில்தான் குற்றாலம் ரோட்டில் இருக்கிற வேதக்கோயிலுக்குப் புதிதாக எபனேசர் ஐயர் வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். படம் என்றால் அவருக்கு உயிர். அந்தக் கோயிலுக்குள் மாடிப்படி ஏறினால் மரத்தடுப்பு வைத்த மேல்தளம் ஒன்று உண்டு. கூட்டம் நெரிகிற பண்டிகை நாளில் இளவட்டங்கள் உட்காருகிற இடம். அதற்குப் பெயரே 'கேலரி'தான்.

"நூறு வருசமா கேலரின்னு பேரு இருக்கு சார், படம் மட்டுந்தான் இல்ல. சீசனுக்கு அத்தன பேரு வாராங்க. நம்ம ஊர்க்காரங்க வரைஞ்சதையெல்லாம் மாட்டி வைப்போம். எந்த மதமா இருந்தா என்ன, நீங்களும் ஒண்ணு கொண்டாங்க" என்றார்.

நான் சிரிக்கிற படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு யாராவது ஒருத்தர், 'ஏ, நம்ம ரீடிங் சார் இப்படி வரைவாரா' என்று வீடு தேடி வரமாட்டாரா என்கிற நப்பாசை. தென்காசியில் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் அளவு பார்த்தபடியே, "அப்பாவா?" என்று கேட்டார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கேலரியில் மாட்டிய படங்களில் என்னுடையதைத் தவிர அத்தனையும் அருவி. ஃப்ளெக்ஸ் போர்டு போடுகிற பேச்சிராஜ் ஐந்தருவியை வரைந்து அதில் ஆறு அருவி விழவைத்திருந்தான். கேட்டால், "ஒண்ணு கூட இருக்கட்டும் சார், சீசன் நல்லாருக்குல்லா" என்றான். படத்துக்குக் கீழே ஒட்டுகிற சீட்டை ஐயர் மகள் ஜெஸி அடித்தாள். வரைந்தவர் பெயர், ஊர், பிறந்த வருடம். இங்கிலீஷில் படித்த பிள்ளை. பிறந்த வருடம் என்பதை மரியாதையான தமிழில் எப்படிப் போடுவது என்று பேச்சிராஜிடம் கேட்டிருக்கிறாள். தினமும் கண்ணீர் அஞ்சலி போர்டு அடிக்கிற கை அல்லவா அவனுடையது!

"தோற்றம்னு போடுங்க மேடம். நாங்க அப்படித்தான் போடுவோம்."

எல்லாச் சீட்டிலும் அப்படியே ஏறிவிட்டது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அருவி செத்துப்போனதாக யார் நினைப்பார்கள்? என் படத்துக்குக் கீழே மட்டும், சிரித்த முகத்துக்கு அடியில், 'வேல்சாமி, மேலகரம். தோற்றம்: 1957' என்று நின்றது.

புதன்கிழமை மாட்டினோம். அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளும் நான் கேலரி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக ரோடு தெரியும். உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு, துண்டைக் கட்டிக்கொண்டு உலகமே அருவிக்குப் போனது. ஈரம் சொட்டச் சொட்ட உலகமே திரும்பி வந்தது. ஒருத்தர்கூடப் படி ஏறவில்லை. மேற்கேயிருந்து சாரல் ஜன்னலுக்குள் வந்து பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. கோயிலைப் பெருக்கிப் பூட்டுகிற அருமைநாயகம் அண்ணாச்சி மட்டும் அவ்வப்போது கீழேயிருந்து எட்டிப் பார்ப்பார். காதில் போய்க் கத்தினாலொழிய அவருக்கு ஒன்றும் கேட்காது. ஆனாலும் மூன்று நாளில் அவரிடம் என் முழு வாழ்க்கையையும் சொல்லி முடித்திருந்தேன். நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

சாரலில் உட்கார்ந்ததற்குச் சனிக்கிழமை பலன் கிடைத்தது. காய்ச்சல். தெர்மாமீட்டரே உடைந்துபோகிற அளவுக்குக் காய்ச்சல். வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

அன்றைக்கென்று பார்த்துக் கோயிலில் ஒரு கல்யாணம். நல்ல மழை. கீழே இடம் போதாமல் ஜனம் கேலரிக்கு ஏறிவிட்டது. எங்கேயோ மரக்கிளை ஒடிந்து கம்பியில் விழுந்து கரண்டும் போய்விட்டது. மேலே இருட்டாக இருக்கிறதே என்று அருமைநாயகம் அண்ணாச்சி ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டார்.

கண்ணாடிச் சட்டம். சிரித்த முகம். தோற்றம் என்ற எழுத்து. கீழே எரிகிற மெழுகுவர்த்தி. வேறு என்ன வேண்டும்?

"ஏ, இது நம்ம ரீடிங் சார்லா! எப்பம்?" என்று கேட்டது, மேலகரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற மந்திரமூர்த்தி. அருமைநாயகம் அண்ணாச்சியின் காதில் போய்க் கத்தியிருக்கிறான்.

படத்தை எப்போது மாட்டினீர்கள் என்று கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார். "புதங்கெழம காலைல."

"கூட யாரு இருந்தா?"

"யாரு இருந்தா? பாவம், ஒத்தையிலதான் கெடந்தாரு. மூணு நாளும் ஒரு ஆளு எட்டிப் பாக்கலய்யா."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் அதில் உள்ள கொடுமை.

ஞாயிற்றுக்கிழமை காலை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பால் வாங்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கேட் திறக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் முன்னால் மந்திரமூர்த்தி, கையில் ஆளுயர ரோஜா மாலை. பின்னால் ஊரே நிற்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவேண்டாம். படத்தைப் பார்த்துவிட்டுப் பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கதவை அகலத் திறந்து, "வாங்க, வாங்க!" என்றேன்.

துக்க வீட்டில் யாரும் வாங்க என்று சொல்லக்கூடாது. செத்தவனே வந்து சொன்னால்?

மந்திரமூர்த்தி கையிலிருந்த மாலை நழுவிப் படியில் விழுந்தது. தலைவிரி கோலமாக அழுதுகொண்டு வந்த அடுத்த தெருச் சந்தனமாரி, அழுகையைப் பாதியில் நிறுத்தத் தெரியாமல் இன்னும் ஒரு வரி அழுதாள்.

"அண்ணாச்சி, நீங்க… உள்ள என்ன செய்யுதீய?" என்றான் மந்திரமூர்த்தி.

"என் வீடுலே இது. நான் இருக்காம வேற யாரு இருப்பா?"

"நீங்க செத்துப் போயிட்டீயல்லா?"

"எனக்குத் தெரியாதே. யாரும் சொல்லலியே."

விஷயம் வெளியே வந்ததும் நான் சிரித்த சிரிப்பில் காய்ச்சல் பயந்து ஓடியே போய்விட்டது. வந்தவர்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போகவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் நின்றார்கள். உட்காருங்கள் என்றேன். பால் இல்லை, கடுங்காப்பிதான் போட்டேன். அதுவும் துக்க வீட்டுக் காப்பியாகவே அமைந்துவிட்டது. சுவர் முழுக்க நான் சிரித்துக்கொண்டும் முறைத்துக்கொண்டும் இருக்க, நடுவில் அவர்கள் தம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சந்தனமாரிதான் பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம், நான் செத்தவன் என்கிற கணக்கிலேயே பேசினாள். "எங்க வீட்டு அவுக துபாய்ல இருக்கும்போது நான் ஒத்தையிலல்லா கெடந்தேன். ரீடிங் எடுக்க வாரவரு, 'சாப்பிட்டியாம்மா'ன்னு ஒரு வார்த்த கேப்பாரு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்காதான் வருவாரு. அப்பம் அதக் கேக்க அவர விட்டா எனக்கு ஆளு கிடையாது."

நான் அடுத்த தம்ளரை ஆற்றுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்தார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லமாட்டார்கள். அந்தப் பழக்கத்திலேயே ஒருத்தரும் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மாலை மட்டும் கிடந்தது. "வீணாப் போகுதே, நான் கழுத்துல போட்டுக்கிடுதேன், ஒரு போட்டோ எடுலே" என்று மந்திரமூர்த்தியைக் கெஞ்சினேன். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க அண்ணாச்சி, அபசகுனம்" என்று மாலையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் உயிரோடு இருப்பது ஊருக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது, இனி வருவதற்கு என்ன இருக்கிறது? முன்பெல்லாம் வீடு காலியாக இருக்கும். இப்போது ஒரு கூட்டம் வந்துபோன காலியாக இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

சனிக்கிழமை காலை சத்யபிரியா ரயிலில் வந்து இறங்கினாள். ஆட்டோவிலிருந்து கால் கீழே படுவதற்குள் சொல்லிவிட்டேன். ஐம்பது பேர், ஆளுயர மாலை, கடுங்காப்பி. அவள் என்னை நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பா, இதுக்கு முன்னால சொன்னதெல்லாம் கூடத் தேவல. எனக்காக இப்படி ஒரு கதைய உக்காந்து யோசிச்சீங்களா?"

"வா, சாட்சி காட்டுதேன்" என்று மந்திரமூர்த்தியின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். உயிரோடு இருக்கிற மனுசன் வீட்டுக்கு மாலையோடு போனோம் என்று எந்த வியாபாரி வாய் திறந்து சொல்வான்? பருப்பை நிறுத்துக்கொண்டே, "நானா? நான் எங்கம்மா வந்தேன்? அப்பா சும்மா வெளாடுதாவ" என்றான். என் கண்ணைப் பார்க்கவே இல்லை. சந்தனமாரி எங்களைக் கண்டதும் வீட்டுக்குள் போய்விட்டாள்.

கேலரிக்குப் போனோம். விஷயம் தெரிந்து அழுதுவிட்ட ஜெஸி, எல்லாச் சீட்டையும் கிழித்துவிட்டு 'பிறப்பு' என்று புதிதாக ஒட்டிவிட்டுப் பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஐயர் ஏதோ கூட்டத்துக்கு வெளியூர் போயிருந்தார். மிச்சம் இருந்தது அருமைநாயகம் அண்ணாச்சி.

"தாத்தா, எங்க அப்பாவுக்காக யாரும் வந்தாங்களா?" என்று சத்யா அவர் காதில் கத்திக் கேட்டாள்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்கம்மா வந்தாவ? பாவம், ஒத்தையிலதான் கெடந்தாரு. ஒரு ஆளு எட்டிப் பாக்கல."

சத்யா குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்கு வந்து என் சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தாள். நான் ஒரு நகைச்சுவை சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சுவரில் இருந்தவன்தான் சிரித்தான்.

மறுநாள் கண்காட்சி முடிகிற நாள். கோயிலில் காலை ஆராதனை முடிகிற நேரம் பார்த்துக் குடையை எடுத்துக்கொண்டு, படத்தைக் கழற்றிவரப் போனேன். போனைச் சார்ஜில் போட்டது நினைவில்லை. கேலரியில் படத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். இனி அந்த ஜன்னலைப் பார்க்கப்போவதில்லை என்று தோன்றியதும் எழ மனம் வரவில்லை. நேரம் போனது தெரியவில்லை.

வீட்டுத் தெருவில் திரும்பும்போதே சத்யாவைப் பார்த்துவிட்டேன். கொட்டுகிற மழையில், ஒரு காலில் மட்டும் செருப்போடு, தெரு நடுவில் நின்றாள். என்னைக் கண்டதும் ஓடிவந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அடிக்கப்போகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

"போன ஏன் வச்சிட்டுப் போனீங்க? நான் அடிக்க அடிக்க அது அடுக்களைக்குள்ள கெடந்து அடிக்குதுப்பா."

"என்னட்டி ஆச்சு?"

அவள் கையைக் காட்டினாள். எங்கள் வீட்டு வாசலில் பிச்சைமணி நின்றுகொண்டிருந்தார். ஒரு காலத்தில் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வாட்ச்மேனாக இருந்தவர். இப்போது திருவேங்கடத்தில் கொஞ்சம் மானாவாரி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். செய்தி அவ்வளவு தூரம் போய்ச் சேர ஒரு வாரம் ஆகியிருக்கிறது. நான் செத்த செய்தி போன வேகத்தில், பிழைத்த செய்தி போகவில்லை. பஸ் மாறி மாறி வந்து சேர்ந்திருக்கிறார். சத்யா கதவைத் திறந்ததும் மாலையை நீட்டி, "அப்பாவக் கடைசியா ஒருக்காப் பாக்கக் குடுத்து வைக்கலியே தாயி" என்று உடைந்து அழுதிருக்கிறார். வழுக்குகிற மாடிப்படி ஏறப் போன அப்பா நேரமாகியும் திரும்பவில்லை. போனை எடுக்கவில்லை. வாசலில் மாலையோடு ஒருத்தர் அழுகிறார். அவள் வேறு என்னதான் நினைப்பாள்?

பிச்சைமணி என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்துவிட்டு, வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பிச்சைமணி, இந்த மழையில எதுக்குய்யா இவ்வளவு தூரம்?" என்றேன்.

"சீசன் முடிஞ்சா லாட்ஜே காலியாக் கெடக்கும் சார். அத்தன ரூமுக்கும் நான் ஒருத்தன். நீங்கதான் ரீடிங் எடுத்துட்டு ஒரு மணி நேரம் உக்காந்து ஒலகத்துல இல்லாத கதையெல்லாம் சொல்லுவீய. மூணு நாளு யாரும் பாக்காமக் கெடந்தீயன்னு சொன்னாவ. மனசு கேக்கல."

சத்யா அவருக்குத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். இந்த முறை அவள் காப்பி போட்டாள், பால் ஊற்றி. அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. "இல்லங்க, அப்பா வரல. இங்கேயேதான் இருக்காரு" என்று சொல்லி வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முடியிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. விரல்கள் மறுபடியும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டன. பெருமை அடித்துக்கொள்ள இதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் அந்த விரல்களைப் பார்த்தபிறகு எனக்குப் பெருமை அடிக்கத் தோன்றவில்லை.

"சத்யா, அன்னைக்கு வந்தது ஐம்பது பேரு இல்லட்டி. பத்துப் பேரு இருக்கும்" என்றேன்.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இல்லப்பா. ஐம்பது பேரும் வந்தாங்க."